அப்பா மாத்திரை போடுவதா, வேண்டாமா?

பெருமதிப்புக்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் மருமகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா நலம். அப்பாவும் நலம்தான், ஆனால் அவருக்கு டாக்டர் ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார். நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். கோணலுக்குக் காரணம், இதை நான் குளியலறையில் உட்கார்ந்து, துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். நம் வீட்டில் ரகசியமாக எழுத இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. அப்பா வேலை பார்க்கிற பூட்டுக் கடைக்குப் புதுப் பூட்டு எது வந்தாலும் அவர் முதலில் குளியலறைக் கதவில்தான் பொருத்திப் பார்ப்பார், அதனால் இந்தக் கதவில் மேலிருந்து கீழ்வரை பூட்டுகள்தான். எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன். அவை அனைத்தையும் திறக்க அப்பாவுக்கு ஒரு கொட்டாவி விடும் நேரம் போதும் என்பது வேறு விஷயம்.

அத்தை, நாளைக் காலையிலிருந்து அப்பா ஒரு மாத்திரை போடுவதா வேண்டாமா என்று என் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். என் கருத்தை! போன வாரம் வரை என் தலைமுடியை எந்த அளவுக்கு வெட்டலாம் என்பதில்கூட எனக்கு ஒரு கருத்து இருக்கக்கூடும் என்று இந்த வீட்டில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது திடீரென்று அப்பாவின் தலைக்குள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதில் கருத்துச் சொல் என்றால் நான் எங்கே போவேன்? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அப்பா இந்த உலகத்தில் பயப்படுவது அவருடைய அக்காவான உங்கள் ஒருவருக்குத்தான். அம்மாவுக்குக்கூட அவர் பயப்படுவதில்லை, பயப்பட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா உங்களுக்குப் போன் செய்து மதியம் முழுக்கப் பேசினாரே, உங்கள் சலவைக் கடையில் புது இயந்திரம் ஆடுகிறது என்று நீங்கள் சொல்லி, அதன் காலுக்கு அடியில் என்ன வைக்கலாம் என்று அவர் விளக்கி, இரண்டு பேரும் சிரித்து, அழுது, மறுபடி சிரித்தீர்களே, அது எதற்காகச் செய்த போன் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. அவருக்கும் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவர் எப்படி இருந்தார் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டு வரும்படி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குத்தான் போன். அப்பா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி போனை எடுக்கப் போனார், போகிற வழியில் அடுப்பங்கரைக் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டார். அன்று முழுக்க வீட்டில் தண்ணீர் இல்லை. டாக்டரிடம் இதை அப்படியே சொன்னபோது, "இதுவே எனக்குப் போதும்" என்று எழுதிக்கொண்டார்.

அந்த நோயின் பெயரை டாக்டர் முதலில் தமிழில் சொன்னார். கவனக் குறைவு, மிகைச் செயல்பாடு என்று தொடங்கி நீளமாகப் போயிற்று, பாதியிலேயே அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். சுருக்கமாக ஏடிஹெச்டி. நோய் என்றுகூடச் சொல்லக்கூடாதாம், மூளை வேலை செய்கிற விதம் அப்படியாம். நான் அந்த அறையில்தான் இருந்தேன், ஏனென்றால் அம்மாவுக்கு அன்று பஸ் டிப்போவில் காலை ஷிப்ட், அப்பாவைத் தனியாக அனுப்பினால் வேறு ஏதாவது டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிடுவார் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார். டாக்டர் கேள்வி கேட்கக் கேட்க அப்பா பதில் சொல்லிக்கொண்டே டாக்டருடைய மேஜை இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பாதி திறந்தபடி சிக்கியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, காலால் மெல்ல உதைத்தேன். பலனில்லை.

"ஒரு வேலை செஞ்சுட்டு இருக்கும்போது நடுவுல இன்னொரு வேலைக்குப் போயிடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அப்படியெல்லாம் இல்ல டாக்டர்" என்று அப்பா சொன்னபோது அவர் ஏற்கெனவே தரையில் மண்டியிட்டு, இழுப்பறையை வெளியே எடுத்து, அதன் பூட்டைக் கையில் வைத்திருந்தார். டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டார். மீதிக் கேள்விகளை மேஜைக்கு அடியில் குனிந்துதான் கேட்டார்.

"இது சின்னப் பசங்களுக்கு வர்றதுன்னு நினைச்சேனே" என்றார் அப்பா கீழேயிருந்து.

"சின்ன வயசுலயே இருந்திருக்கும். அப்ப யாரும் இதுக்குப் பேர் வெச்சிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

"வெச்சாங்களே டாக்டர்" என்றார் அப்பா. "நிறையப் பேர் வெச்சாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்தேன், டாக்டர் மட்டும் சிரிக்காததால் எனக்குப் பாதியில் சிரிப்பு நின்றுபோயிற்று. இழுப்பறை இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

நம் வீட்டுக்குச் சாவி கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சாவி வெட்டித் தருகிறவர் வீட்டில் சாவி இல்லை. வெட்டிய சாவி எல்லாவற்றையும் அப்பா தொலைத்துவிட்டார், சாவி மாட்டுவதற்கென்று செய்த மரப்பலகையையும் தொலைத்துவிட்டார், ஒரு பலகையை எப்படித் தொலைக்க முடியும் என்று அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். கதவு தானாகச் சாத்திக்கொண்டு பூட்டிக்கொள்ளும். அப்பா வந்து மண்டியிட்டு, வளைந்த கம்பியை விட்டு, காதைக் கதவில் வைத்து, "உள்ளே யாரும்மா? வெளியூர்லேர்ந்து வந்திருக்கோம், கொஞ்சம் திறங்க" என்று கெஞ்சுவார், கதவு திறந்துகொள்ளும். இப்போது அம்மாவும் கற்றுக்கொண்டுவிட்டார். புதிதாகக் குடிவந்த கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் மாடியேறி வந்தபோது அம்மா கொண்டை ஊசியால் கதவைத் திறந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே பின்பக்கமாகவே படியிறங்கிப் போய்ப் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். வந்த போலீஸ்காரர் அப்பாவின் பழைய வாடிக்கையாளர். "இது இவங்க வீடுதான் சார்" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம், "அந்த ஊசியைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்ச்சுப் பிடிங்கம்மா, சீக்கிரம் வரும்" என்றார்.

காலையில் அப்பா வேலைக்குக் கிளம்புவது இருக்கிறதே, அது ஒரு தடவையில் முடிகிற காரியமில்லை. "வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவார். கருவிப் பை சோபாவில் இருக்கும். திரும்பி வருவார். "இப்ப நிஜமாவே வரேன்" என்பார். வண்டிச் சாவி. திரும்பி வருவார். "மக்களே, போருக்குப் போறேன், திரும்புவேனோ மாட்டேனோ" என்பார். அம்மா வாசலிலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, "திரும்புவீங்க, கண்ணாடி மேஜைமேல இருக்கு" என்பார். அம்மா பஸ் டிப்போவில் டைம் கீப்பர், ஒரு நிமிஷம் தாமதமாக வந்த ஓட்டுநரை அவர் பார்க்கிற பார்வையிலேயே அந்த ஓட்டுநர் வியர்த்துவிடுவார், அப்படிப்பட்டவர் எப்படி அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று ஒரு நாள் கேட்டேன். "என் வேலையில எல்லாம் சரியான நேரத்துக்கு வரும், போகும். வீட்டுலயும் அப்படியே இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்" என்றார்.

அப்பா திரும்பி வந்து எடுக்காமல் விட்டுப்போகிற சாமானை எடுத்துக்கொண்டு நான் ஓடுவேன். சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டு வாசற்கதவின் பித்தளைக் கைப்பிடி. முடிவெட்டும் கடை, தையல் கடை தாண்டி சிக்னலில் பிடித்துவிடுவேன். எதிர்வீட்டு மாமா தினமும் தேநீர்க் கோப்பையோடு பால்கனியில் வந்து நின்றுகொண்டு, "எக்ஸ்பிரஸ் கிளம்பிடுச்சு!" என்று கத்துவார். தெருவில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தபோது விளையாட்டு டீச்சர், "யார்கிட்டம்மா பயிற்சி எடுக்கறே?" என்று கேட்டார். "எங்கப்பாகிட்ட" என்றேன். "என்ன பயிற்சி குடுப்பார்?" என்றார். "மறந்துட்டுப் போவார் டீச்சர்" என்றேன்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நீதிபதி விவகாரம் வரைக்கும். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் இறுகிவிட்டது. நீதிபதி உள்ளே நின்று ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, அப்பா வெளியே நின்று கழற்றினார். கதவைச் சாத்தி வைத்தபடியே, "ஒரு சின்ன ஸ்பிரிங் வேணும் சார், வண்டியில இருக்கு, இதோ வந்துடறேன்" என்று போனார். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். அப்பா அதைத் திறந்து கொடுத்தார். அந்த ஓட்டுநர் சந்தோஷத்தில் தன் மைத்துனர் கடையில் ஷட்டர் சிக்கிக்கொண்டிருப்பதைச் சொன்னார். அந்த ஷட்டரைத் தூக்கியபோது பக்கத்துக் கடைக்காரர் வந்தார். இப்படியே ஊரில் பாதியைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவும்போது, "ஐயையோ, நீதிபதி!" என்று அலறினார் பாருங்கள், நான் பயந்தேபோய்விட்டேன். ஓடினோம். வீட்டில் வேறு யாருமில்லை, நீதிபதி உள்ளே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார், நன்றாகவே பாடினார். அப்பா கதவைத் திறந்து கைகூப்பி நின்றார். நீதிபதி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனையோ பேரை உள்ளே அனுப்பியிருக்கேன்" என்றார். "உள்ளே எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தாம்ப்பா தெரிஞ்சுது."

அவர் பெரிய மனிதர், புகார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குள்ளே விஷயம் பரவி, கடை முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "உன் கைக்கு ஈடு இந்த ஊர்ல இல்ல, ஆனா உன் தலைய நம்பி ஒரு வாடிக்கையாளரை எப்படி அனுப்புவேன்?" என்று கேட்டாராம். அப்பா அதையும் வீட்டில் முதலாளி மாதிரியே நடித்துக் காட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்தது சிரிப்பு இல்லை அத்தை. அதனால் வேகமாக எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு மாலை ஷிப்ட். பள்ளிக்கூடத்திலிருந்து அப்பா என்னைக் கூட்டிப் போக வேண்டும். நல்ல மழை. எல்லாரும் போய்விட்டார்கள், டீச்சர்களும் போய்விட்டார்கள், விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. வாட்ச்மேன் தாத்தா தன் கூண்டுக்குள் எனக்கு இடம் கொடுத்து, தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்து, தன் மருமகனைப் பற்றி நிறையக் குறை சொன்னார். நன்றாகப் பொழுதுபோயிற்று. நன்றாக இருட்டிய பிறகு அப்பா வந்தார், வண்டியைக்கூட எடுக்காமல் ஓடியே வந்திருந்தார். கடையில் உட்கார்ந்து எனக்காக ஒரு சின்னப் பித்தளைப் பூட்டுச் செய்துகொண்டிருந்தாராம், என் பென்சில் பெட்டிக்கு, கட்டைவிரல் நகம் அளவு. அதில் மூழ்கிப்போய் என்னை மறந்துவிட்டார். எனக்காகத்தான், என்னையே மறந்துவிட்டார். தண்ணீரில் மண்டியிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஆறுதலாக இருக்கட்டும் என்று, "பரவால்லப்பா, எனக்குப் பழக்கம்தானே" என்றேன். அதற்குத்தான் அவர் அழுதார். அடுத்த வாரம் டாக்டரிடம் போனார். அதனால் அத்தை, இந்தப் பெயர், இந்த மாத்திரை எல்லாமே என் வாயால் வந்தது. வாட்ச்மேன் தாத்தாவோடு உள்ளே இருந்தேன், நனையவே இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.

மாத்திரையைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பயந்துவிடுவீர்கள். குறைந்த அளவில்தான் ஆரம்பிப்பார்களாம். முதலில் ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். ஒத்துவராவிட்டால் அளவை மாற்றலாம், வேறு மருந்து பார்க்கலாம், நிறுத்தலாம். மாத்திரை வேண்டாமென்றால் பேசிப் பேசிப் பழக்கங்களை மாற்றுகிற சிகிச்சையும் இருக்கிறது, இரண்டும் சேர்த்தும் செய்யலாம். "முடிவு உங்களோடது, அவசரமே இல்ல" என்றார். அவசரமே இல்லை என்று அப்பாவிடம் சொல்லலாமா? மாத்திரை அடுப்பங்கரை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக. அப்பா தினமும் அதை எடுத்துப் பார்ப்பார், "இன்னிக்கு முடிவு பண்ணிடறேன்" என்பார், அதை எங்கே வைத்தார் என்று அப்புறம் நாங்கள் எல்லாரும் தேடுவோம். ஒரு தடவை அது குளிர்பதனப் பெட்டியில், முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

இதற்கு நடுவில் எதிர்வீட்டு மாமா என்னைப் பயமுறுத்தினார். "அந்த மாத்திரையெல்லாம் ஆளையே மாத்திடும் எக்ஸ்பிரஸ். என் மச்சான் ஒருத்தன் போட்டான். போட்டதுலேர்ந்து சிரிக்கவே மாட்டேங்கறான்" என்றார்.  இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவரையே போய்க் கேட்டேன்.

"மாமா, அவர் மாத்திரை போடறதுக்கு முன்னாடி நல்லா சிரிப்பாரா?"

மாமா தேநீரை ஒரு வாய் குடித்தார். யோசித்தார். "முன்னாடியா? முன்னாடியும் சிரிக்க மாட்டான்."

"எதுக்குப் போட்டார் மாமா?"

"முதுகு வலிக்கு."

இருந்தாலும் ஒரு தடவை வந்த பயம் போகுமா? இன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அம்மா சொல்லிவிட்டார், "இந்தாங்க, போடறதுன்னா போடுங்க, வேண்டாம்னா டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லுங்க. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சரி. ஆனா அந்த மாத்திரையை இனிமே முட்டைக்குப் பக்கத்துல பாத்தேன்னா நானே ரெண்டையும் சேத்துப் பொரிச்சுடுவேன்." அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்றே?"

"அவ தலையில ஏன் போடறீங்க? சின்னப் பொண்ணு" என்றார் அம்மா.

"தலையில போடல. முடிவு நான்தான் எடுக்கப்போறேன். ஆனா இவ கருத்து எனக்கு வேணும். என் பின்னாடி ஓடறது இவதானே?"

நான் தட்டில் இருந்ததை ஓரமாக ஒதுக்கினேன். அப்பா ஒரு பழைய பூட்டை எடுத்து வைத்து, அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார். உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டிப் பித்தளைப் பின்கள், ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு குட்டி ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் எல்லாப் பின்னும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், அப்போதுதான் பூட்டுத் திரும்பும்.

"என் தலைக்குள்ள இதெல்லாம் எந்நேரமும் குதிச்சுட்டே இருக்கும்மா. யாராவது உள்ளே மாட்டிக்கிட்டு, 'ஐயோ காப்பாத்துங்க'ன்னு கத்தினா மட்டும் டக்குனு ஒரே கோட்டுல வந்து நிக்கும். மத்த நேரம் நான் எவ்வளவு திட்டினாலும் நிக்காது. நான் திட்டாம இருந்திருப்பேன்னு நினைக்கறியா? தினமும் திட்டுவேன், வண்டி ஓட்டிட்டே."

எனக்கு அது தெரியாது அத்தை. வண்டி ஓட்டும்போது அவர் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப மாத்திரைதான் சாவியா?" என்று கேட்டேன்.

"சாவியெல்லாம் இல்ல. ரெண்டு சொட்டு எண்ணெய் மாதிரின்னு டாக்டர் சொன்னாங்க. இல்ல, நான்தான் சொன்னேன், அவங்க தலையாட்டினாங்க."

"மாத்திரை போட்டு நீங்க வேற யாரோ ஆயிட்டீங்கன்னா?"

"அப்படி ஆனா நீயே வந்து சொல்லு, 'அப்பா, நீங்க நல்லா இல்ல'ன்னு. ரெண்டு வாரத்துல டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க, நிறுத்திடுவோம்."

"மழையில காக்க வெச்சதுக்காகத்தானே இதெல்லாம்? எனக்கு ஒண்ணுமே ஆகலியேப்பா. எனக்குப் பழக்கம்தானே?"

"அதான்" என்றார் அப்பா. "நீ பழகிட்டே. அதுதான் எனக்குப் பிடிக்கல."

அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினார். அப்பா, "காலையில சொல்லு, போதும்" என்று என் தலையைக் கலைத்துவிட்டுப் பூட்டை மூடினார். ஒரு பின் மேஜைக்கு அடியில் உருண்டுவிட்டது. மூன்று பேரும் தரையில் தவழ்ந்து தேடி, மேஜைக்கு அடியில் தலையோடு தலை முட்டி, அம்மாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பின் கிடைக்கவில்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன் அத்தை, நான் பயந்தது அப்பா சிரிக்க மாட்டார் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த மாத்திரை நன்றாக வேலை செய்துவிட்டால் என்ன ஆகும்? அப்பா காலையில் "வரேன்" என்பார், போய்விடுவார். பை கையில் இருக்கும், கண்ணாடி மூக்கில் இருக்கும், டப்பா பைக்குள் இருக்கும். போருக்குப் போகிறேன் என்று சொல்வதற்கு அவர் திரும்பி வர மாட்டார். நான் வாசலில் நின்று என்ன செய்வேன்? எக்ஸ்பிரஸ் எங்கே போகும்? அப்பா நன்றாக ஆக வேண்டும் என்று ஒரு மகள் ஆசைப்பட வேண்டும், எனக்கு அந்த ஆசை இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது, ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இந்த இன்னொன்றும் உட்கார்ந்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. உங்களிடம்தான் சொல்ல முடியும், ஏனென்றால் பள்ளிக்கூட நாட்களில் அப்பாவின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடியது நீங்கள்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நீங்கள் ஓடுவதை நிறுத்திய பிறகு உங்களுக்கு எப்படி இருந்தது அத்தை? கால் சும்மா இருந்ததா?

ஆகையால் என் வேண்டுகோள் என்னவென்றால், நாளைக் காலை நாங்கள் எல்லாரும் மேஜைக்கு வருவதற்குள் நீங்கள் அப்பாவுக்குப் போன் செய்து, போடு என்றோ போடாதே என்றோ ஒரே வார்த்தையில் அதட்டிச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார், நான் தப்பித்துக்கொள்வேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர நாலைந்து நாளாவது ஆகும் என்பது இந்த வரியை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது. துணிக்கூடைமேல் தலையை முட்டிக்கொண்டேன். நான் யாருடைய மகள் என்பதில் இனிமேல் யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, நானேதான் சொல்ல வேண்டும். எழுத ஆரம்பித்தபோது, வேண்டாம் என்று உங்களைச் சொல்ல வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டே தன்னைத் திட்டிக்கொள்கிறார் என்று தெரிந்த பிறகு எப்படி வேண்டாம் என்று சொல்வது? போடுங்கப்பா என்று சொல்லப்போகிறேன். சொல்லும்போது அழாமல் இருக்க வேண்டும். நான் அழுதால் அதைப் பார்த்து அவரும் அழுவார், அம்மாவின் பஸ் எல்லாம் தாமதமாகப் புறப்படும்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஆடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்க வேண்டாம். இங்கிருந்து எங்கள் மூவரின் வணக்கமும், உங்கள் கடைக்கும் சுற்றத்துக்கும் எங்கள் அன்பும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் யாருக்கும் தெரியாமல் கிழித்துவிடவும்.

என்றும் தங்கள் ஆசியை நாடும்,
பயந்துபோன மருமகள்
(எக்ஸ்பிரஸ்)

பின்குறிப்பு: காலை ஆகிவிட்டது. மேலே உள்ளது எதையும் பொருட்படுத்த வேண்டாம் அத்தை. நான் "போடுங்கப்பா" என்றேன், அழவில்லை, அம்மாதான் அழுதார். அப்பா போட்டுக்கொண்டார். நானும் அம்மாவும் அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஏதாவது தெரியுதா?" என்றார் அம்மா. "ரெண்டு பேர் என்னை முறைக்கறது நல்லாத் தெரியுது" என்றார் அப்பா. சாப்பிட்டார், சட்டையை மாட்டினார், பையை எடுத்தார், "வரேன்" என்றார், போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றேன். சோபாவில் ஒன்றும் இல்லை, மேஜைமேல் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு மாமா பால்கனியில் கோப்பையோடு காத்திருந்துவிட்டு, "என்ன எக்ஸ்பிரஸ், இன்னிக்கு ரத்தா?" என்று கேட்டார்.  சரி, இப்படித்தான் இருக்கும் போல என்று கதவைச் சாத்தப் போனேன், படியில் சத்தம். அப்பா. மூச்சு வாங்க நின்றார். கையில் பை, மூக்கில் கண்ணாடி, டப்பாவைத் திறந்தே காட்டினார். "என்னப்பா மறந்தீங்க?" என்றேன். "ஒண்ணுமே மறக்கல. சிக்னல் வரைக்கும் போயிட்டேன், யாருமே பின்னாடி வரல. ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் சும்மா வந்தேன்" என்றார். அப்புறம் கை தூக்கி, தெருவுக்கே கேட்கும்படி, கடல் கடந்து போகிறேன் மக்களே என்று முழங்கிவிட்டுப் போனார். நான் சிக்னல் வரைக்கும் கூடவே ஓடினேன், ஒரு சாமானும் இல்லாமல். மாத்திரை இவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்திருக்காது, இது வெறும் பயத்தில் வந்த ஒழுங்குதான் என்கிறார் அம்மா. இருக்கட்டும். அப்பாவைச் சிக்னலில் நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன், கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டியில் போடச் சொல்லி அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். ராத்திரியே உறைக்குள் போட்டதை மறுபடி எடுத்து எழுதுவதால் தாள் கசங்கியிருக்கிறது, மன்னிக்கவும். இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு எங்களுக்கு ஒரு வரி எழுதவும். வந்து சேராவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், உடனே ஒரு வரி எழுதித் தெரியப்படுத்தவும்.